நாலு ஒம்போது

தடைக்காலத்தில் ஐஸுக்கு ஆளில்லை.
இரண்டு கம்ப்ரசரில் ஒன்றை நிறுத்திவிட்டார்கள்,
என் சம்பளத்தில் பாதியையும்.
அமோனியா கசிகிறதா என்று
மணிக்கொரு தரம் மோந்து பார்க்க வேண்டும்.
மிச்ச ராத்திரிக்கு போக்கர்.
ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் மேசை.
இருநூறோடு உட்காரலாம்.

போன வருஷம்
கையில் இரண்டு ஆஸ், தரையில் இன்னும் இரண்டு.
ஒரு ஆயுசில் எத்தனை தடவை வரும் அது!
நான் பதுங்கினேன்.
செக் என்றேன். மறுபடியும் செக்.
கருவாட்டைப் பார்க்காததுபோல் நடக்கும் பூனை.
கடைசியில் கூச்சத்தோடு ஐந்து ரூபாய் கேட்டதும்
எல்லோரும் சீட்டை மடக்கிவிட்டார்கள்.
கிடைத்தது பதினோரு ரூபாய்.
மண்டபத்தில் டீ பன்னிரண்டு.

அதற்கப்புறம் யோசித்தேன்.
யாரிடமிருந்து ஒளிக்கிறேன்?
சின்ன மேசையில் எவனும் உன்னைப் படிப்பதில்லை,
அவனவன் கண் அவனவன் சீட்டில்.
ஒரு ஜோடி ராணி கிடைத்தவன்
வீட்டைக்கூட விடுவான், அவளை விடமாட்டான்.
பார்த்துவிட வேண்டும் அவனுக்கு.
பார்க்கத்தான் வந்திருக்கிறான்.

தென்கடல் துறையில்
பதினாலு கிலோ களவா வந்து விழுந்தால்
ஏலக்காரர் சீனி இபுராகிம்
அதைச் சாக்குப் போட்டு மூடுவதில்லை.
எடுத்த எடுப்பிலேயே தொண்டை கிழிகிற விலை.
வியாபாரி முனகுவான், துப்புவான்,
டீசல் விலையைத் திட்டுவான்.
போகமாட்டான்.
லாரி நிற்கிறது, பெட்டியெல்லாம் நம்ம ஐஸ்.
ஐஸ் வாங்கியவன் மீன் வாங்காமல் திரும்பி
இந்தப் பதினோரு வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

வைகாசியில் ஒரு செவ்வாய்.
கச்சான் கூரைத் தகரத்தை உலுக்கிக்கொண்டிருந்தது.
கையில் இரண்டு ஒம்போது.
எட்டு ரூபாய் கேட்டேன், மூன்று பேர் கூட வந்தார்கள்.
தரையில் விழுந்தது ராஜா, ஒம்போது, ஒம்போது.

அமோனியா வாடை மாதிரி ஏதோ மூக்கில் ஏறியது.
கசிவு இல்லை, நான்தான்.

இருபத்திரண்டு என்றேன்.
இரண்டு பேர் போனார்கள்.
ராக்கெட் 555 மட்டும் போட்டான்.
அடுத்தது ஒன்றுக்கும் ஆகாத நாலு.
ஐம்பத்தைந்து.
போட்டான்.
கடைசிச் சீட்டுக்கு ரிவர் என்று பேர்.
இரண்டு பக்கமும் கடல் வைத்துக்கொண்டு
ஒரு ஆறுகூட இல்லாத ஊரில்
நான் அதற்காகக் காத்திருந்தேன்.
வந்தது ராஜா.
ராக்கெட்டே, உன் கையில் ஒரு ராஜா இருக்கட்டும்
என்று அவனுக்காக வேண்டிக்கொண்டேன், சத்தியமாக.
மிச்சம் நூற்றுப் பதினைந்தையும்
ஒரே தள்ளாகத் தள்ளினேன்.
மூச்சு விடும் நேரம்கூட எடுக்கவில்லை அவன்.

கம்பெனி கமிஷன் போக
முந்நூற்றுத் தொண்ணூற்றேழு.

எழுந்து ஜன்னலுக்குப் போனேன்.
கீழே கட்டிக்கிடந்த விசைப்படகுகள்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்தன.
மூன்றாவது படகின் கூரைமேல்
வெகுநேரமாக எரிந்த ஒரு போன் வெளிச்சம்
அப்போதுதான் அணைந்தது.
தற்செயல்.
நாட்டில் அந்த நொடியில் எத்தனை போன் அணைந்திருக்கும்.

காலையில் டீக்கடையில் கிளாட்வின்,
கண் சிவந்து, லுங்கியில் டீசல் கறையோடு.
நிவாரணப் பணம் இன்னும் ஏறலை என்றான்.
பிறகு, யாரும் கேட்காமலே,
"மூணு ராஜாண்ணே. ரெண்டு ஒம்போது.
அதுக்கு மேல என்னண்ணே வேணும் மனுசனுக்கு?
ஒரு நாய் நாலு ஒம்போது வச்சிருந்தான்.
வச்சிருந்தா பதுங்கணும்ல?
வெக்கமே இல்லாம கேக்குறான்ணே,
கேட்டுக்கிட்டே இருக்கான்.
இவ்வளவு கேக்குறவன்ட்ட ஒண்ணும் இருக்காதுன்னு
நெனச்சேன்."

ஆமாம் என்றேன்.

"நீங்க ஆடுவீங்களா?"

இதைவிடப் பெரிய கை
இனி எனக்கு வரப்போவதில்லை.
மடியில் வைத்துக்கொண்டு
எங்க தம்பி நேரம், மெஷினைப் பாக்கவே சரியா இருக்கு
என்றேன்.

இரண்டு டீக்கும் நானே கொடுத்தேன்.
இருபத்திநாலு.
அவன் வடையும் எடுத்தான்.